வானம் சாம்பல், மரம் கறுப்பு: நிழலுருவப் படங்கள் பற்றிக் கேள்வி பதில்

கறுப்பு வெள்ளையில் நிழலுருவ நிலக்காட்சிகள் (வெளிச்சமான வானத்துக்கு முன்னால் பொருள் வெறும் கறுப்பு உருவமாகத் தெரியும் படங்கள்) எடுப்பது, அப்புறம் அவற்றைக் கணினியில் சரிசெய்வது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

அக்கா, ஆரல்வாய்மொழிப் பக்கம் மாலையில் காற்றாலைகளை எடுத்தேன். காற்றாலை அழுக்குச் சாம்பலாக வருகிறது, வானம் வெளுத்துப்போகிறது. எங்கே தப்பு? (நாகர்கோவில்)

கேமரா தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. இருட்டு, வெளிச்சம் இரண்டையும் சேர்த்துச் சராசரி பார்த்து, எல்லாவற்றையும் நடுச் சாம்பலுக்கு இழுக்கும். நீங்கள்தான் அதற்கு வானத்தை மட்டும் பார்க்கச் சொல்ல வேண்டும். ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சின்ன இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது) வைத்து, சூரியனை விட்டுக் கொஞ்சம் தள்ளியிருக்கும் பிரகாசமான வானத்தை அளந்து, மேனுவல் மோடில் அந்த அளவை அப்படியே வையுங்கள். அது தொல்லை என்றால், கேமரா தேர்ந்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை -1 முதல் -2 வரை இறக்கினாலே பெரும்பாலும் போதும். ஹிஸ்டோகிராம் (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) இடது ஓரத்தில் முட்டினால் கவலை வேண்டாம், இந்த வகைப் படத்தில் அது முட்டத்தான் வேண்டும். சூரிய வட்டத்தைத் தவிர வேறு எதுவும் வலது ஓரத்தில் முட்டக் கூடாது.

இறக்கைகள் தெளிவாக வேண்டுமென்றால் ஷட்டரை 1/250க்குக் குறைக்காதீர்கள். தொடர்ச்சியாகப் பல படம் எடுத்து, ஒன்றின் இறக்கை இன்னொன்றின் தூணில் குறுக்கிடாத படத்தை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள்.

என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது, மேடம். (மதுரை)

போதும். வானத்தைத் தொட்டுப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள், பிறகு வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். எச்.டி.ஆர்., நைட் மோடு இரண்டையும் அணைக்க முடிந்தால் அணைத்துவிடுங்கள். நிழலுக்குள் இருப்பதை எப்படியாவது வெளியே காட்டிவிட வேண்டும் என்பதுதான் அவற்றின் வேலை, நமக்கு வேண்டியது நேர் எதிர். ப்ரோ மோடில் ரா கோப்பு (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் கோப்பு) எடுக்க வழியிருந்தால் அதில் எடுங்கள்.

பனங்காட்டை எடுத்தால் ஒரே கறுப்புக் கட்டியாக வருகிறது. தனிமரம் எடுத்தால் வெறுமையாக இருக்கிறது. எப்படி அமைப்பது? (ராமநாதபுரம்)

எனக்குப் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன்.

நிழலுருவத்தில் பட்டை, நிறம், சொரசொரப்பு எதுவும் தெரியாது. மிஞ்சுவது வெளிக்கோடு ஒன்றுதான். ஆகவே மரங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு மரங்களுக்கு நடுவில் உள்ள வானத்தைப் பாருங்கள். இரண்டு மரக் கொண்டைகளுக்கு இடையே ஒரு கீற்று வெளிச்சமாவது வர வேண்டும். அதற்கு லென்ஸை மாற்ற வேண்டாம், கால்தான் நகர வேண்டும். இடப்பக்கம் நாலு எட்டு வைத்தால் ஒட்டியிருந்த இரண்டு மரம் பிரிந்துவிடும், ஆனால் வேறு இரண்டு ஒட்டிக்கொள்ளும். எல்லாம் பிரியும் இடம் கிடைக்காமலும் போகலாம். அப்போது பின்னால் இருப்பவை ஒட்டினால் ஒட்டட்டும், முன்னால் இருக்கும் மூன்று மரத்தை மட்டும் சுத்தமாகப் பிரித்துவிடுங்கள்.

பனை இதற்கென்றே வாய்த்த மரம். நேர்த்தண்டு, மேலே விசிறி விசிறியாக ஓலை. கொண்டையைச் சுற்றி நாலு பக்கமும் வானம் இருந்தால்தான் அந்த விசிறி தெரியும், அதனால் உட்கார்ந்து, தேவைப்பட்டால் படுத்து எடுங்கள். தாழ்ந்து எடுத்தால் பின்னாலிருக்கும் உடைமரப் புதர்களும் கீழே அடங்கிவிடும். அடியில் வரும் தரை வெறும் கறுப்புப் பட்டை, படத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கண்மாயில் தண்ணீர் கிடந்தால் கதையே வேறு. தண்ணீர் வானத்தைப் பிரதிபலிப்பதால் கீழ்ப்பாதியும் வெளிச்சமாகிவிடும், தரையைப் பற்றிய கவலையே இல்லை.

தனிமரம் வெறுமையாக இருக்கிறது என்றால் அளவு காட்ட ஓர் ஆள் வேண்டும். பதனீர் காலத்தில் பனையேறிகள் காலையிலும் மாலையிலும் ஏறுவார்கள். முன்கூட்டியே பேசி, சம்மதம் வாங்கிக்கொண்டு எடுங்கள். ஏறுபவர் தண்டுக்கு முன்னாலோ பின்னாலோ இருந்தால் மரத்தில் ஒரு புடைப்பு மாதிரித்தான் தெரிவார். பக்கவாட்டில் நின்று, முழங்கால் மடங்கி உடம்பு தண்டிலிருந்து விலகும் நொடியில் எடுத்தால்தான் மனிதர் தெரிவார்.

கன்னியாகுமரியில் வள்ளுவர் சிலைக்கு நேர் பின்னால் சூரியன் எந்த மாதம் வரும்? (திருச்சி)

மாதம் மட்டும் போதாது, நீங்கள் நிற்கும் இடமும் சேர்ந்துதான் கணக்கு. மார்ச் 21, செப்டம்பர் 23 ஒட்டிய நாட்களில் சூரியன் நேர் கிழக்கில் உதிக்கும். டிசம்பர் கடைசியில் சுமார் 24 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கும், ஜூனில் அதே அளவு வடக்கே. சூரியன் தெற்கே போகப் போக நீங்கள் கரையில் வடக்கே நகர வேண்டும். சூரியனின் திசை காட்டும் செயலி ஒன்றைப் போனில் போட்டு, முந்தைய நாளே கரையில் நடந்து இடம் பார்த்து வையுங்கள். அங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும். தன் விட்டம் அளவு நகர அதற்கு இரண்டு நிமிடம்தான், இடம் தேடிக்கொண்டிருந்தால் போய்விடும்.

சிலையும் பீடமும் சேர்ந்து 133 அடி. 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலம் இப்போது விவேகானந்தர் பாறையையும் சிலையையும் இணைக்கிறது. முன்பு இரண்டு தனி உருவமாக நின்றவை இன்று ஒரே தொடர்கோடு. சிலை மட்டும் தனியாக வேண்டுமென்றால் நெருக்கமாக, செங்குத்துச் சட்டத்தில் எடுங்கள். இல்லையா, பாலத்தையும் ஒரு கோடாக ஏற்றுக்கொண்டு அகலமாக எடுங்கள். பாலத்தைப் பாதியில் வெட்டுவது எனக்குப் பிடிக்காது.

டெலி லென்ஸ் வழியாக, ஆப்டிகல் வியூஃபைண்டரில் கண் வைத்துச் சூரியனைப் பார்க்கவே பார்க்காதீர்கள். பின்திரையில் பார்த்து எடுங்கள்.

கலர் படத்தில் சாச்சுரேஷனைப் பூஜ்யமாக்கினால் கறுப்பு வெள்ளை வந்துவிடுகிறதே. அதற்கு மேல் என்ன எடிட்டிங்? (கோவை)

வரும், சப்பென்று வரும். கண்ணுக்கு ஆரஞ்சும் நீலமுமாகப் பிரிந்து நின்ற வானம், பிரகாசம் ஒன்றாக இருந்தால் ஒரே சாம்பலாகிவிடும். லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, பிறகு நிறக் கலவையில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சளை ஏற்றுங்கள், நீலத்தை இறக்குங்கள். அடிவானம் ஒளிரும், உச்சி வானம் இருளும். ஃபிலிம் காலத்தில் சிவப்பு ஃபில்டர் செய்த வேலை இதுதான். போனில் ஸ்னாப்சீட் செயலியிலும் கறுப்பு வெள்ளைக் கருவிக்குள் நிற ஃபில்டர்கள் உண்டு. நீலத்தை அளவுக்கு மீறி இறக்கினால் வானம் புள்ளி புள்ளியாகத் திட்டுத் திட்டாகும், அங்கே நிறுத்திவிட வேண்டும்.

கறுப்பைக் கடைசியில் தொடுங்கள். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு பிளாக்ஸ் ஸ்லைடரை இழுத்தால், முழுக் கறுப்பானது எதெது என்று திரையில் காட்டும். முக்கிய உருவம் முழுக் கறுப்பாகட்டும். அதோடு சேர்ந்து தூரத்து மேகத்தின் அடிப்பகுதியும் கறுத்தால் அதிகமாகிவிட்டது. கறுப்பு யாருக்கும் சுலபமாக வரும். படத்தைத் தூக்குவதும் கெடுப்பதும் வானத்திலுள்ள சாம்பல் படிகள்தான், எடிட்டிங் நேரத்தில் முக்கால்வாசியை அங்கே செலவழியுங்கள்.

கொடைக்கானலில் அடுக்கடுக்கான மலைகளை எடுத்து நீங்கள் முன்பு சொன்னபடியே நீலத்தை இறக்கினேன். அடுக்குகள் எல்லாம் ஒட்டிக்கொண்டன! (திண்டுக்கல்)

அது மாலை வானத்துக்குச் சொன்னது. மலை அடுக்குக்கு அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். தூரத்து மலைகள் வெளிறித் தெரிவதற்குக் காரணம் நடுவிலுள்ள காற்று சிதறடிக்கும் நீல ஒளி. நீலத்தை ஏற்றினால் அந்த மூட்டம் வெளுத்து, ஒவ்வொரு அடுக்கும் முன்னதிலிருந்து பிரியும். மூட்டத்தை நீக்கும் டீஹேஸ் பக்கமே போகாதீர்கள். முன்னாலிருக்கும் மலை மட்டும் கறுப்பு, போகப் போக வெளிறட்டும். 200 மி.மீ. போல நீளமான லென்ஸ் அடுக்குகளை நெருக்கிக் காட்டும்.

மரத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு வருகிறது. (சென்னை)

விளிம்புகளைத் தூக்கிக் காட்டும் கிளாரிட்டி, ஷார்ப்னஸ் இரண்டையும் பாதியாக்குங்கள். போகாவிட்டால் நீலத்தை எவ்வளவு இறக்கினீர்கள் என்று பாருங்கள்.

வானத்தில் வளையம் வளையமாகப் படிகள் தெரிகின்றன. (ஈரோடு)

ஜேபெக்கில் எடிட் செய்திருப்பீர்கள். அதில் ஒரு நிறத்துக்கு 256 படிதான். ரா எடுத்து 16 பிட்டில் வேலை செய்யுங்கள். கடைசியில் கொஞ்சம் கிரெயின் (ஃபிலிம் போன்ற பொடிப் புள்ளிகள்) சேர்த்தால் மிச்சமும் மறையும்.

திரையில் நல்லாயிருக்கிற படம் பிரிண்ட் போட்டால் மங்கிப்போய்க் கிடக்குது, அக்கா. (யாழ்ப்பாணம்)

திரையின் வெளிச்சத்தை மிக அதிகமாக வைத்திருப்பீர்கள், முதலில் அதைக் குறையுங்கள். அப்புறம் தாள். மேட் தாளில் கறுப்பு கரும்சாம்பல் அளவோடு நின்றுவிடும். நிழலுருவத்துக்குப் பளபளப்பான தாளோ, கறுப்பை ஆழமாகக் காட்டும் பரைட்டா தாளோ எடுங்கள். பெரிதாகப் போடும் முன் சின்னதாக ஒன்று போட்டுப் பாருங்கள்.

மேகமே இல்லாத நாளில் வேறு வானத்தை ஒட்டலாமா? (சேலம்)

உங்கள் படம், உங்கள் விருப்பம். போட்டிக்கு அனுப்பினால் விதிகளைப் படித்துவிட்டு அனுப்புங்கள். நான் ஒட்டுவதில்லை. மேகமில்லாத வானத்தில் மேலிருந்து கீழே சீராக வெளுக்கும் சாம்பல் இருக்கிறதே, ஒற்றைப் பனைக்கு அதைவிட என்ன வேண்டும்? ஊரெல்லாம் ஒரே பறவைக் கூட்டத்தை இறக்கி ஒட்டுகிறார்கள், அதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ட்ரைபாட் கட்டாயமா? (தஞ்சாவூர்)

சூரியன் இருக்கும்வரை வேண்டாம். மறைந்த பிறகும் நம் பக்கம் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் அந்தி வெளிச்சம் இருக்கும், அதன் பின்பாதிக்கு ட்ரைபாட் வேண்டும். பலர் சூரியன் இறங்கியதும் பையைக் கட்டிவிடுகிறார்கள். உச்சியிலிருந்து அடிவானம் வரை சாம்பல் படிகள் அழகாக இறங்குவது அதற்குப் பிறகுதான்.