சிரிக்க வைத்தால் தரம் தாழ்ந்துவிடுமா?

கேள்வி: சூப்பர்கேர்ள், பேட்கேர்ள் போன்ற காமிக்ஸ் நாயகிகளை வைத்து எடுக்கப்பட்ட நகைச்சுவைக் கார்ட்டூன் குறும்படங்களை என் மகள் திரும்பத் திரும்பப் பார்த்துச் சிரிக்கிறாள். உலகைக் காக்கும் வீராங்கனைகளைக் கோமாளிகளாக்குவது அவர்களை இழிவுபடுத்துவது ஆகாதா?

பதில்: ஆகாது. இழிவைத் தேட வேண்டுமானால், நீங்கள் மதிப்போடு நினைவுகூரும் பழைய இதழ்களைத்தான் புரட்ட வேண்டும். 1959-இல் அறிமுகமான சூப்பர்கேர்ள், சூப்பர்மேனுக்கு நிகரான ஆற்றல் பெற்றிருந்தும், அவன் சொற்படி ஓர் அநாதை இல்லத்தில் பழுப்பு நிறப் பொய்முடி அணிந்து தன் வலிமையை மறைத்து வாழ வேண்டியிருந்தது; உலகம் அவளை அறிய 1962 வரை ஆயிற்று; 1985-இல் அவளைச் சாகடித்தார்கள். 1967-இல் வந்த பார்பரா கோர்டன் என்னும் பேட்கேர்ள், 1988-இல் பேட்மேனின் பரம எதிரியான ஜோக்கரின் குண்டு பாய்ந்து நடக்க இயலாதவளானாள். அவளுடைய தந்தையின் மனத்தைக் குலைப்பதற்காகவே ஜோக்கர் அதைச் செய்தான் என்பதால், அந்தக் கதையில் அவள் வலிகூட அவளுக்கென்று இருக்கவில்லை. இத்தனையும் முழுத் தீவிரத்துடன் எழுதப்பட்ட கதைகள்.

இவற்றுக்குப் பிறகு, 2012-இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் வந்த ‘சூப்பர் பெஸ்ட் பிரெண்ட்ஸ் ஃபாரெவர்’ குறும்படங்களைப் பாருங்கள். அமெரிக்க அனிமேஷன் படைப்பாளி லாரன் ஃபாஸ்ட் உருவாக்கிய அவை மொத்தமே ஐந்துதான். ஒவ்வொன்றும் ஒன்றேகால் நிமிட அளவு. பிறப்புக் கதை சொல்லவோ வில்லனின் திட்டத்தை விளக்கவோ அந்த நேரம் போதாது என்பதால், சூப்பர்கேர்ள், பேட்கேர்ள், வொண்டர்கேர்ள் ஆகிய மூவரின் சுபாவமே படத்தைத் தாங்கியாக வேண்டும்; அவர்கள் ஈர்ப்பதும் அதனால்தான். தனிச்சக்தி எதுவும் இல்லாத பேட்கேர்ளின் அடங்காத உற்சாகமும், சூப்பர்கேர்ளின் முரட்டுத் துணிச்சலும், வொண்டர்கேர்ளின் நிதானமும் ஒன்றோடொன்று உரசும்போது பிறக்கும் சிரிப்பு அது. அவர்கள் பெண்கள் என்பதற்காக யாரும் அங்கே சிரிப்பதில்லை. சூப்பர்மேனின் உறவுக்காரி, பேட்மேனின் துணையாள் என்று ஆண் நாயகர்களின் பெயரோடு ஒட்டியே அறியப்பட்டவர்கள், இங்கே ஒருத்திக்கு ஒருத்தி தோழி என்ற ஒரே அடையாளத்துடன் நிற்கிறார்கள். அவசரப்படவும் அசடு வழியவும் அடுத்த நொடியே எழுந்து ஓடவும் ஆண் நாயகர்களுக்கு எப்போதோ கிடைத்துவிட்ட உரிமை, இவர்களுக்கு இவ்வளவு தாமதமாகக் கிடைத்ததே என்பதுதான் என் வருத்தம்.

எல்லா நகைச்சுவைப் படங்களுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. ஒரு நாயகியின் உடலையோ உடையையோ கேலிப்பொருளாக்கும் படம் வந்தால், உங்கள் கோபத்தில் நானும் சேர்ந்துகொள்வேன்.

2019-இல் லாரன் ஃபாஸ்டே ‘டிசி சூப்பர் ஹீரோ கேர்ள்ஸ்’ என்ற நீண்ட தொடரில் ஆறு நாயகிகளை ஒன்றுசேர்த்தார். உங்கள் மகளுக்கு அதை அறிமுகப்படுத்துங்கள். இந்த முறை நீங்களும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.