குருமண்வெளித் துறையும் ஸ்வீடன் கம்பனிகளும்

அன்புள்ள ஐயா,
எம்.பி.ஏ. படிக்கிறேன். வெளிநாட்டு முதலீடு இலங்கையின் கிழக்குக்கு வராததற்கு வரிச்சலுகை போதாமைதான் காரணமா? கம்பனிகளின் அனுபவ அறிவும் முதலீட்டு முடிவைத் தீர்மானிக்கும் என்று விரிவுரையில் சொன்னார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை போன்ற பின்தங்கிய இடத்துக்கும் அது பொருந்துமா?
வாசகர், கல்லடி

அன்புள்ள தம்பி,

வரிச்சலுகைக் கதையை விடும். அதை எந்த நாடும் கொடுக்கும்.

விரிவுரையில் கேட்டது, உப்சாலா பல்கலைக்கழகத்தின் யோஹான்சனும் வால்னேயும் 1977இல் எழுதியது. ஸ்வீடன் கம்பனிகள் முதலில் பக்கத்து நாட்டில் ஒரு முகவரைப் பிடித்தன. பிறகு சொந்த விற்பனைக் கிளை. தொழிற்சாலை கடைசியில்தான். காசில்லாமல் இல்லை, இடம் பிடிபடாமல்.

இதை வாசித்தபோது அப்பாவின் ஞாபகம்தான் வந்தது. களுவாஞ்சிக்குடியில் பலசரக்குக் கடை. குருமண்வெளித் துறையில் படகேறினால் வாவியின் அக்கரையில், படுவான்கரைப் பக்கம், மண்டூர். அங்கே கடை போட அவருக்கு ஆறு வருடம் பிடித்தது. முதலில் ஒருவரிடம் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் கொடுத்து விற்கச் சொன்னார். அப்புறம் மாமாவை அனுப்பினார். கடை போட்ட வருடம், ஐப்பசியில், கடன் கொப்பியோடு வீடு வீடாகப் போனார். விதைப்புக் காலத்தில் யாரிடம் காசு? "மாசியில வா மகன், வெட்டிப்போட்டுத் தாறன்" என்றாள் ஒரு கிழவி. அடுத்த நாள் கடைக்கு ஆளே இல்லை. அதன்பிறகு கொப்பியில் தொகைக்குப் பக்கத்தில் வயல் வெட்டும் நாளையும் எழுதினார்.

அதே கொப்பியைப் பார்த்தெழுதிக்கொண்டு மாமா வெல்லாவெளியில் கடை போட்டு நொடித்துப்போனார். யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்பது கொப்பியில் இல்லை, அப்பாவின் தலைக்குள் இருந்தது. சொல்லிக்கொடுக்கக்கூடிய அறிவு வேறு, பட்டறிவு வேறு என்று பொருளியலாளர் எடித் பென்ரோஸ் 1959இலேயே பிரித்துக் காட்டினார். அந்த இரண்டாவதைப் பொட்டலம் கட்டி விற்க முடியாததால்தான் பல கம்பனிகள் உள்ளூர்க்காரருக்கு உரிமத்தை விற்காமல் தாங்களே வந்து நிற்கின்றன. நம் நாட்டு ஆடைக் கம்பனி பிராண்டிக்ஸ் இந்தியாவின் விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் 1000 ஏக்கரில் ஆடை நகரம் அமைத்ததும், 1978இல் கட்டுநாயக்கா ஏற்றுமதி வலயம் திறந்தபின் இந்த நாடு தைத்துத் தைத்துக் கற்றதன் தொடர்ச்சிதான்.

ஒன்றில்தான் கோபம். "படுவான்கரை போன்ற பின்தங்கிய இடம்." கல்லடியில் இருந்துகொண்டு எழுதுகிறீர்! வாவியைக் கடந்து அங்கே போகும் மண்முனைப் பாலம் திறந்ததே 2014இல். ஒருதரமாவது அக்கரைக்குப் போனீரா? பழக்கமும் வியாபார முறையும் பிடிபடாத இடத்தை மனத்தூரம் என்ற கணக்கில் அளந்தார்கள் உப்சாலாக்காரர்கள். அந்தக் கணக்கில் உமக்கு அக்கரைக் கொக்கட்டிச்சோலையைவிட ஸ்வீடன் கிட்ட.

மாசியில் வெட்டு நடக்கும்போது போய், ஒரு கடை வாங்கில் இரும். கடன் கொப்பியைப் பார்க்கக் கேளும். தரமாட்டார்கள். பிறகும் போம்.