குவாண்டம் புள்ளியும் விற்றமினும்: மட்டக்களப்பு, அம்பாறைக் கேள்விகளுக்குப் பதில்

களுவாஞ்சிகுடி, உயர்தர மாணவி: சேர், குவாண்டம் புள்ளி என்றால் என்ன? அது ஏன் தண்ணீரில் கரைய வேண்டும்?

மகள், அது சில நனோமீற்றர் அகலமே உள்ள குறைகடத்திப் பளிங்கு. அளவு குறையக் குறைய இலத்திரனின் சக்தி இடைவெளி கூடும். அதனால் ஒரே கட்மியம் செலனைட்டு சிறிதாக இருந்தால் நீலமாகவும் பெரிதானால் சிவப்பாகவும் ஒளிரும். எக்கிமோவ், புரூஸ், பவெண்டி மூவருக்கும் 2023 நோபல் பரிசு கிடைத்தது இந்தப் புள்ளிகளுக்காகத்தான். பவெண்டி குழுவின் 1993 முறையில் தரமான புள்ளிகள் வந்தன. ஆனால் அவற்றின் மேலே எண்ணெய்த்தன்மையான போர்வை. உயிர்க்கலத்தைப் படம் எடுக்கப் புள்ளியை அதற்குள் செலுத்த வேண்டும், அங்கேயோ தண்ணீர். 1998இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைத் தீர்த்தன. அலிவிசாட்டோஸ் குழு சிலிக்கா உறை போட்டது. ஷுமிங் நீ குழு மெர்கப்டோ அசற்றிக் அமிலத்தைப் பிடித்தது: அதன் கந்தக முனை புள்ளியைப் பற்றிக்கொள்ளும், அமில முனை நீரோடு சேரும்.

கல்முனை, மருத்துவ ஆய்வுகூடப் பணியாளர்: காபன் புள்ளியால் பி12ஐ மிகக் குறைந்த அளவிலும் கண்டுபிடிக்கலாம் என்று கட்டுரைகளில் இருக்கிறது. நோயாளியின் இரத்தத்தில் செய்து பார்க்கலாமா?

தம்பி, வேண்டாம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காபன் புள்ளி என்பது காபனால் ஆன, ஒளிரும் நனோத் துகள்.

பி12 சிவப்பு நிறம். அது 361 நனோமீற்றரிலும் 550 பக்கத்திலும் ஒளியை விழுங்கும். புள்ளிக்குப் போகிற ஒளியையோ அதிலிருந்து வருகிற ஒளியையோ பி12 தின்றுவிட, ஒளிர்வு குறைகிறது. அந்தக் குறைவைத்தான் அளக்கிறார்கள். இனிக் கணக்கைப் பாருங்கள். 500 மைக்ரோகிராம் குளிசை ஒன்றை 100 மில்லிலீற்றரில் கரைத்தால் ஒரு மில்லிலீற்றரில் 5 மைக்ரோகிராம் இருக்கும். இரத்தத்திலோ ஒரு மில்லிலீற்றரில் 200 பிக்கோகிராமுக்குக் கீழே போனால்தான் குறைபாடு என்கிறோம். இடையில் 25,000 மடங்கு! குளிசையில் அழகாக வேலை செய்கிற முறைக்கு இரத்தத்தில் ஒன்றுமே தெரியாது. போதாததற்கு, இரத்தத்தில் பி12 புரதங்களோடு ஒட்டிக் கிடக்கும். சீரமும் யூவி ஒளியில் தானாகவே நீலமாக ஒளிரும். உங்கள் ஆய்வுகூட இயந்திரம் பி12ஐப் புரதத்திலிருந்து விடுவித்து, அதை மட்டும் பிடிக்கிற பொருளால் அளக்கிறது. அதையே நம்புங்கள்.

கட்டுரையில் “உண்மை மாதிரி” என்று இருந்தால் அது குளிசையா, இரத்தமா, இரத்தத்தில் வெளியிலிருந்து பி12ஐக் கலந்ததா என்று முதலில் பாருங்கள்.

ஏறாவூர்: விற்றமின் சியை அளக்க எது நல்லது?

இரும்பு(III) அயன் புள்ளியின் ஒளியை அணைக்கும். விற்றமின் சி அதை இரும்பு(II) ஆக்க, ஒளி திரும்பி வரும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் உயிர்க்கலங்களில் இருக்கிற குளுட்டாதயோனும் சிஸ்டீனும் அதே வேலையைச் செய்யக்கூடியவை. தோடம்பழச் சாறுதான் உங்கள் மாதிரி என்றால் அயடீன் கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து அளக்கிற நியமிப்பே போதும்.

வந்தாறுமூலை, பல்கலைக்கழக மாணவர்: பி2?

எனக்குப் பிடித்த விற்றமின் இது. பி2 தானே பச்சையாக, 525 நனோமீற்றர் அளவில் ஒளிரும். நீலக் காபன் புள்ளி தன் சக்தியை அதற்குக் கொடுக்க, நீலம் குறைந்து பச்சை கூடும். இரண்டின் விகிதத்தை எடுத்தால் விளக்கின் ஏற்ற இறக்கம் பெரிதாகத் தாக்காது. கரைசலை வெயிலில் வைக்காதீர்கள், பி2 ஒளியில் சிதைந்துவிடும்.

திருக்கோவில், ஆசிரியை: முருங்கை இலையில் காபன் புள்ளி செய்து பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

செய்யலாம், ரீச்சர். ஆனால் இறுக மூடிய போத்தலை ஒருபோதும் சூடாக்காதீர்கள், வெடிக்கும். இலையின் பச்சையமும் தானாகச் சிவப்பாக ஒளிரும். ஆகவே சூடாக்காத இலைச்சாற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

வந்தாறுமூலை மாணவர் மறுபடியும்: சேர், காபன் புள்ளி குவாண்டம் புள்ளியே இல்லை. ஒளிர்வது உள்ளே இருக்கிற சின்ன மூலக்கூறுதான்.

சம்மாந்துறை மாணவி: அப்படியென்றால் எங்கள் இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படத்தில் தெரிவது என்ன? சிற்றிக் அமிலமும் எதிலீன் டைஅமீனும் சேர்த்துச் செய்தோம், நல்ல நீல ஒளி.

இரண்டு பேர் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். படத்தில் புள்ளி இருக்கும், ஒளி வேறொன்றிலிருந்து வரும். தங்கச்சி, நீங்கள் சொன்ன அதே கலவையில் மிகப் பிரகாசமான நீல மூலக்கூறு ஒன்று உண்டாவது தெரிந்த விஷயம். சின்ன மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடுகிற டயலிசிஸ் பையில் போட்டு, வெளித் தண்ணீரை மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் அந்தத் தண்ணீரை யூவி டோர்ச்சில் பாருங்கள். ஒளி முழுக்க வெளியே போய், பைக்குள் மங்கலாக ஏதாவது மிஞ்சினால் தம்பி சொல்வது சரி. பைக்குள்ளேயே நின்றால் புள்ளியின் பக்கம் பேசலாம். ஆனால் மூலக்கூறு புள்ளியோடு பிணைந்தும் இருக்கலாம், அதையும் மறக்காதீர்கள். இந்தச் சோதனை செய்யாமல் குவாண்டம் விளைவு என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். கட்மியம் செலனைட்டில் அளவை மாற்றினால் நிறம் மாறுவதைக் கண்ணால் காட்டலாம். காபனில் புள்ளியின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கிற அணுத்தொகுதிகளே பெரும்பாலும் நிறத்தை மாற்றுகின்றன. வாதம் தொடரட்டும், பையின் முடிவோடு வாருங்கள்.

காத்தான்குடி: உடம்புக்குள் செலுத்திப் படம் எடுக்கலாமா?

தட்டில் வளர்த்த கலங்களிலும் எலியிலும் எடுத்திருக்கிறார்கள். நீலமும் பச்சையும் தசைக்குள் தூரம் போகா, அகச்சிவப்புக்குக் கிட்டிய ஒளி வேண்டும். உறை இல்லாத கட்மியம் செலனைட்டு ஒட்சியேறிக் கட்மியம் அயனை விட்டு ஈரல் கலங்களைக் கொன்றது 2004லேயே காட்டப்பட்டது. கட்மியக் கழிவைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். அது வாவிக்குத்தான் போகும், மீனில் வந்து நிற்கும். பெயர் ஒட்டிய போத்தலில் சேர்த்து வையுங்கள்.

வாழைச்சேனை: பி12 இரத்தப் பரிசோதனைக்குக் காபன் புள்ளி?

கல்முனைத் தம்பிக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

அக்கரைப்பற்று: உம்மாவுக்குக் கால் விறைப்பு. பி12 குறைவோ என்று இந்தப் புள்ளியால் வீட்டில் பார்க்கலாமா?

முடியாது, தம்பி. உம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். சீனி வருத்தத்துக்கு மெற்போமின் பல வருடமாகக் குடிக்கிறவர் என்றால் அதையும் சொல்லுங்கள், அது பி12ஐக் குறைக்கக்கூடும்.