சாமிக்கு எல்லை உண்டா?

வணக்கம் அக்கா,

எங்கள் வாசிப்பு வட்டத்து நண்பர் ஒருவர் மாயமும் சாகசமும் கலந்த நாவல் எழுதியிருக்கிறார். பெக்டரியைக் காக்கும் சாமி ரோதைமுனியின் அரிவாள் களவு போகிறது, தேயிலைத் தோட்டத்துப் பெக்டரி நின்றுவிடுகிறது. மூன்று பிள்ளைகள் அரிவாளைத் தேடி ஓகஸ்ட் மாத இரவில் சிவனொளிபாதமலை ஏறுகிறார்கள். உச்சியில் சிவன் தோன்றி, அங்குள்ள பாதச்சுவடு தன்னுடையதுதான் என்று தீர்ப்புச் சொல்லி, எல்லாவற்றையும் சரிசெய்கிறார். வாசித்தவர்களில் பாதிப் பேர், சாமியே முடித்துவைத்தால் சாகசம் எதற்கு என்கிறார்கள். மற்றவர்கள், சாமியின் சக்தியைக் குறைத்து எழுதுவது பாவம் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது? கடைசி அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.

வாசகர், மஸ்கெலியா

அன்புள்ள தம்பி,

இரண்டு தரப்பையும் கேட்கலாம். சக்தியைக் குறைக்க வேண்டாம், அதற்கு நிபந்தனை வையுங்கள். நம் தோட்டத்துச் சாமிகள் அப்படித்தான் இருக்கிறார்கள். ரோதைமுனி ரோதை என்கிற பெக்டரிச் சக்கரத்துக்குக் காவல், கவ்வாத்துச்சாமி தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் மலைக்கு. யார் படைப்பது, எதைப் படைப்பது, எந்த நேரம் என்பதில் தோட்டத்துக்குத் தோட்டம் கட்டுப்பாடு உண்டு.

மாசியில் ஆடுகிற காமன் கூத்தைப் பாருங்கள். சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்கிறார், மன்மதன் எரிகிறான். ரதி அழுது மன்றாடிய பிறகு அவனை உயிர்ப்பிக்கிறார், ஆனால் இனி ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். கூடியிருக்கும் சனத்தில் யாரும் இதனால் சிவனின் சக்தி குறைந்ததாக நினைப்பதில்லை. வரம் கிடைத்த பிறகும் இழப்பு மிச்சமிருப்பதால்தான் அந்தக் கதை இத்தனை தலைமுறையாக அழ வைக்கிறது. நண்பரின் நாவலிலும் அரிவாள் திரும்பக் கிடைக்கட்டும், பிள்ளைகள் எதையாவது கொடுத்துவிட்டு வரட்டும். அந்த நிபந்தனை முதல் மூன்று அத்தியாயத்துக்குள் பூசாரி வாயிலோ பாட்டி வாயிலோ வந்துவிட வேண்டும். கடைசியில் புதிதாகச் சொன்னால் வாசகர் ஏமாற்றப்பட்டதாகத்தான் உணர்வார்.

பெக்டரி நின்றால் என்ன கெடும் என்பது பிரதியில் இருக்கிறதா? கதையின் அவசரம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. பறித்த தேயிலைக் கொழுந்து விசிறிக் காற்றில் வாட ஏறக்குறைய 12 முதல் 18 மணி நேரம் எடுக்கும். விசிறி நின்றால் குவிந்த கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். அரைத்த கொழுந்தை நேரத்துக்குக் காயவைக்காவிட்டால் அந்தத் தூளுக்குச் சுவையும் இல்லை, விலையும் இல்லை. ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும், அத்தனையும் பெண்கள் கூடை சுமந்து பறித்தது. அந்தியில் நின்ற ரோதை விடிவதற்குள் சுழல வேண்டும் என்று வைத்தால், பிள்ளைகளுக்கு ஓர் இரவுதான் இருக்கிறது.

இனி மலை. யாத்திரைக் காலம் டிசம்பர் மாத உந்துவப் போயாவிலிருந்து, அதாவது பௌர்ணமியிலிருந்து, மே மாத வெசாக் வரை. ஓகஸ்டில் படி வழிய விளக்கும் தேநீர்க் கடையும் இருப்பது நடக்காது. தென்மேற்குப் பருவ மழையும் காற்றும் இருக்கும், ஆள் நடமாட்டம் இருக்காது. நல்லதண்ணிப் பக்கத்து வழியில் ஏறினால் சுமார் 5,500 படி. அந்த இருட்டை அப்படியே எழுதினால் பயத்துக்கு வேறு பூதம் தேவையில்லை. அனுப்பிய அத்தியாயத்தில் சூரியன் எழுவதும் மலையின் முக்கோண நிழல் விழுவதும் ஒரே திசையில் இருக்கிறது. நிழல் மேற்கே விழும், வானம் தெளிவாக இருந்தால் மட்டும், சிறிது நேரத்துக்கு.

பாதம் யாருடையது என்ற தீர்ப்பை நீக்கிவிடச் சொல்லுங்கள். பௌத்தர் புத்தருடையது என்றும், இஸ்லாமியரும் கிறிஸ்தவரில் சிலரும் ஆதாமுடையது என்றும் நம்பி அதே படியில்தான் ஏறுகிறார்கள். இபின் பதூதா 14ஆம் நூற்றாண்டில் வந்தது அந்தப் பாதத்தைப் பார்க்கத்தான். ஒரு நம்பிக்கையை மற்றவற்றுக்கு மேலே தூக்கினால், மலையே சின்னதாகிவிடும்.

தீர்ப்புக்குப் பதிலாக உச்சியிலுள்ள மணியை எடுத்துக்கொள்ளலாம். எத்தனையாவது முறை ஏறுகிறோமோ அத்தனை முறை அடிப்பது வழக்கம். இதுவரை மலைப்பக்கமே வந்ததில்லை என்று சொன்னவர் கைப்பழக்கத்தில் ஏழு தடவை அடித்தால், அரிவாளை எடுத்தவர் யாரென்று சாமி தோன்றாமலே தெரிந்துவிடும்.

அடுத்த வாசிப்பில் பிடித்ததா என்று கேட்க வேண்டாம். பயம் விட்டுப்போன பக்கத்திலும், தாண்டிப் படித்த பக்கத்திலும் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் போட்டிருந்தால் திருத்துங்கள். ஒரு பிரதி பெக்டரியில் வேலை செய்பவருக்கும் ஒன்று உங்கள் கோயில் பூசாரிக்கும் கட்டாயம் போக வேண்டும்.