கையைப் பிடித்தால் ஒரு சொல், கையைக் காட்டினால் வேறு சொல்

கம்பத்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்து முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி, வாடகை, குளிர், ஆங்கிலம் என மூன்றைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டும் ஒரு மாதத்தில் தாமே பழகிவிடும். ‘கைடு, லீட், டைரக்ட் எல்லாமே வழிநடத்துவதுதானே, எதை எழுதினால் என்ன?’ என்ற கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன். அதில் அடிபட்டவன் நான்.

2009-இல் மாணவர் விசாவில் வந்து, வாரம் 20 மணி நேரம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தேன். பார்வை மங்கிய ஓர் அம்மையாரை முழங்கையைத் தாங்கிக் குளியலறைவரை அழைத்துச் சென்றுவிட்டு, கம்பீரமாக இருக்கட்டும் என்று குறிப்பேட்டில் ‘டைரக்டட்’ என எழுதினேன். மறுநாள் பொறுப்பாளர் கூப்பிட்டு, “கண் தெரியாதவருக்கு நின்ற இடத்திலிருந்தே வழி சொன்னாயா?” என்று கேட்டார். அந்தச் சொல்லை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் ‘கைடட்’ என்று எழுதிக் கையெழுத்திட வைத்தார்.

நம் எல்லைப்புறத்தையே நினைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகளைக் கம்பம்மெட்டுப் பக்கம் கைகாட்டித் திருப்பிவிடும் காவலர் செய்வது டைரக்ட். தேக்கடிக் காட்டில் பயணிகளின் நடைக்கு ஈடுகொடுத்து, வழுக்கும் இடத்தில் கைகொடுத்து உடன்வரும் மன்னான் இனத்தவர் செய்வது கைடு. என் அப்பா ஏலத்தோட்டத்தில் கங்காணி. விடியலில் ஜீப்பை விட்டு இறங்கியதும், அட்டைகள் ஏறும் ஒற்றையடிப் பாதையில் அவர் முன்னே நடக்க, சாக்கைத் தலையில் போர்த்திய பெண்கள் வரிசையாகப் பின்தொடர்வார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அது லீட்.

லீட் (lead) என்பதன் இறந்தகாலம் லெட் (led). அதில் ‘ஏ’ (a) என்ற ஆங்கில எழுத்து கிடையாது. ‘ஏ’ சேர்த்து எழுதி லெட் என்று படித்தால் அது ஈயம். பதினைந்து ஆண்டுகளாக இங்கேயே இருந்து, மேலாளராகவும் ஆகி, இன்னமும் அணியை ஈயமாக்கி மின்னஞ்சல் அனுப்பும் நம்மவர்களை நான் அறிவேன். திருத்தினால் கோபம் வேறு. என்னுடன் இருந்த கோட்டயத்துச் செவிலியர்களோ, சந்தேகம் வந்த சொல்லையெல்லாம் சிறு நோட்டில் குறித்து, கேட்டுத் தெளிந்த பிறகே எழுதுவார்கள். இங்கே நாயைப் பிடித்துப் போகும் வாருக்கும் லீட் என்றுதான் பெயர் என்பதை எனக்குச் சொன்னதே அவர்களில் ஒருவர்தான்; முதியவர்களைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல்லை நான் தொடுவதில்லை.

சில வாரங்களில் அந்த அம்மையார் என் கையை விலக்கிவிட்டு, சுவரோரக் கம்பியைத் தடவியபடி தாமே நடந்தார். நான் ஓரடி பின்னால் சென்றேன். அன்று வெகுநேரம் யோசித்து, ‘அக்கம்பனீட்’, அதாவது உடன் சென்றேன் என்று எழுதினேன்.