முத்துக்குக் கோடு கிடையாது

கேள்வி: டச்சு ஓவியர் வெர்மீரின் ‘முத்துத் தோடு அணிந்த பெண்’ ஓவியத்தைப் பார்த்து ஆயில் பெயின்ட்டில் வரைந்து பழகுகிறேன். முகம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துவிடுகிறது. தலைத்துணியின் நீலம் நிழல் பக்கம் சேறாகிறது. இரண்டு முறை அழித்துவிட்டேன். எங்கே தவறு?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இனி அழிக்காதீர்கள் அம்மா, காயவிடுங்கள். கண்ணுக்குத் தெரியும் நிறத்தை ஒரே பூச்சில் பிடிக்கப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1665 வாக்கில் வெர்மீர் இதை வரைந்தபோது, பழுப்பும் கறுப்புமாக வெளிச்சத்தையும் நிழலையும்தான் முதலில் அமைத்துக்கொண்டார். நிறம் அதன் மேல் வந்தது.

நீங்களும் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு பெயின்ட்டை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, படம் முழுவதையும் பழுப்பிலேயே முடியுங்கள். ஒரு வாரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள், விரலில் ஒட்டக் கூடாது. அப்புறம் நிழல் பக்கம் அல்ட்ராமெரின் நீலத்தை லின்சீட் ஆயிலில் குழைத்து, அடியிலுள்ள இருட்டு தெரியும்படி மெல்லிசாகப் பூசுங்கள். நீலத்தில் கறுப்பைக் கலந்தால் சேறுதான் வரும். பூச்சுக்கு மேல் பூச்சாகப் போகப் போக எண்ணெயின் அளவு கூடிக்கொண்டே வர வேண்டும். மாறினால் பின்னாளில் பெயின்ட் வெடிப்பு விடும்.

முகம் வெளுப்பது டைட்டானியம் வெள்ளையால். அவர் காலத்து ஈய வெள்ளை இவ்வளவு மூர்க்கமாக மூடாது. அது நஞ்சு, நமக்கு வேண்டாம். டைட்டானியத்தைக் குறைத்து, மஞ்சள் ஓக்கரைத் துளி சேருங்கள்.

சரி, நீங்கள் கேட்காத முத்துக்கு வருகிறேன். நான் முதல்முறை அதற்குச் சுற்றுக்கோடு போட்டுவிட்டேன். மூன்று நாள் திருத்தியும் தொங்காமல் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அசலைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கோடும் இல்லை, காதில் மாட்டும் கொக்கியும் இல்லை. மேலே இடப்பக்கம் கெட்டியாக ஒரு வெள்ளைத் தீற்றல். கீழே வெள்ளைக் கழுத்துப்பட்டியின் மங்கலான பிரதிபலிப்பு. மற்றதெல்லாம் கழுத்து நிழல். அதைப் பார்த்த அன்று வெகுநேரம் பிரஷ்ஷைத் தொடவே தோன்றவில்லை எனக்கு.

பின்னணிக்கு ட்யூப் கறுப்பை அப்படியே அப்பாதீர்கள். அங்கே முதலில் இருந்தது பச்சைத் திரை. நிறம் மங்கித்தான் இன்று கறுப்பாகத் தெரிகிறது. முத்தின் அந்த வெள்ளையை எல்லாம் காய்ந்த பிறகு, கடைசியாக, ஒரே தொடுதலில் வையுங்கள்.