வீட்டில் அரைக்கும் சத்துமாவு சீக்கிரம் கெடுவது ஏன்?

வீட்டில் அரைத்த சத்துமாவு இரண்டே வாரத்தில் சிக்கு வாடை அடிக்கிறது, கசக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ காணொளியைப் பார்த்து இருபது முப்பது பொருள்களைப் போட்டிருப்பீர்கள். அதில் பாதாம், முந்திரி, நிலக்கடலை, கம்பு எல்லாம் இருந்திருக்கும். முதலில் கெடுவது அவைதான். கொட்டைகளில் ஏறக்குறைய பாதி எண்ணெய். மாவானதும் காற்றுப் பட்டுச் சிக்கெடுத்துவிடும். கம்பில் கொழுப்பும் அதிகம், அதை உடைக்கும் நொதியும் உண்டு. அதனால் கம்பு மாவு பத்து நாளிலேயே கசக்கும். கம்பை அவ்வப்போது அரைத்துக் கூழாகக் காய்ச்சுங்கள், சேமிக்கும் மாவில் சேர்க்காதீர்கள்.

"பாதாம் போடாமல் என்ன சத்துமாவு?" என்று இங்கேயே யாராவது கேட்பார்கள். பாதாமே வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலைந்தைப் பொடித்து, காய்ச்சிய கஞ்சியில் தூவுங்கள் என்கிறேன். முப்பது பொருள் கலந்த மாவில் ஒரு டம்ளர் கஞ்சிக்கு 25 கிராம் எடுத்தால் ஒவ்வொன்றிலும் ஒரு கிராம்கூடத் தேறாது.

ஒரு கிலோவுக்கு இது போதும்: கேழ்வரகு 500 கிராம், சம்பா கோதுமை 250, பாசிப்பயறு 150, பொட்டுக்கடலை 100, ஏலக்காய் ஐந்தாறு, சிறு துண்டு சுக்கு. தானியம் மூன்று பங்கு, பயறு ஒரு பங்கு. தானியத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தை (புரதத்தின் ஒரு கூறு) பயறு ஈடுகட்டும்.

கேழ்வரகையும் பாசிப்பயறையும் முளைகட்டுங்கள். கேழ்வரகைக் கல் அரித்து, பத்து மணி நேரம் ஊறவைத்து, இடையில் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் புளித்த வாடை வரும். வடித்து, பருத்தித் துணியில் கட்டித் தொங்கவிட்டால் வெயில் காலத்தில் ஒரு நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். இரண்டு மில்லிமீட்டர் போதும், நீள விட்டால் மாவு கசக்கும். சோளத்தை மட்டும் முளைகட்டாதீர்கள். அதன் முளையில் சயனைடு தரும் துரின் என்ற பொருள் உருவாகிறது. சோளம் வேண்டுமென்றால் வறுத்துச் சேர்க்கலாம்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது உலர்த்துவதில்தான். ஒரு நாள் நிழலில், பிறகு நல்ல வெயிலில் காய வேண்டும். கடித்தால் கடக்கென்று உடையணும், நசுங்கினால் ஈரம் இருக்கிறது. உள்ளங்கையில் தேய்த்தால் முளைகள் உதிரும், முறத்தில் புடைத்து எடுத்துவிடுங்கள். பிறகு குறைந்த தீயில், கை பொறுக்காத சூடு வரும் வரை கொஞ்சம் கொஞ்சமாக வறுங்கள். கருகினால் அந்தக் கசப்பு போகாது. கோதுமையைத் தனியாக, வாசம் வரும் வரை வறுத்துக்கொள்ளுங்கள்.

மில்லில் மிளகாய் அரைத்த கையோடு உங்கள் மாவைப் போட்டுவிடக் கூடாது. கோதுமை அரைத்த பிறகு போடச் சொல்லுங்கள். ஒரு கிலோ என்றால் முகம் சுளிக்கும் மில்கள் பெருகிவிட்டன. சிறு குடும்பங்கள் தேவைக்கு மட்டும் புதிதாக அரைத்துக்கொள்ள வழியில்லாமல் போவது வருத்தமாக இருக்கிறது. பத்து வீட்டு மாவைச் சேர்த்து அரைத்துத் தருவது அதற்குத் தீர்வே இல்லை. சூடான மாவை அப்படியே டப்பாவில் அடைத்தால் மூடியில் வியர்த்துக் கட்டி பிடிக்கும். பேப்பரில் பரப்பி முழுக்க ஆறவிடுங்கள். வெளியில் ஒரு மாதம், ஃபிரிட்ஜில் மூன்று மாதம் வரும்.

கஞ்சி காய்ச்சும்போது முதலில் கெட்டியாகி, பிறகு நீர்த்துப்போனால் மாவு மோசம் என்று பதறாதீர்கள். முளைகட்டும்போது உருவாகும் அமைலேஸ் நொதி மாவுச்சத்தை உடைக்கிறது. மெதுவாகச் சூடேற்றினால், 60, 70 டிகிரியில் அது மும்முரமாக வேலை செய்யும். குழந்தைகளுக்கு இது நல்லது: சின்ன வயிற்றில் அதிக மாவு இறங்கும், விழுங்கவும் எளிது. கெட்டியாகத்தான் வேண்டுமென்றால், குளிர்ந்த நீரில் கரைத்த மாவைத் தளதளவென்று கொதிக்கும் நீரில் ஊற்றுங்கள், நொதி உடனே அடங்கிவிடும். இரண்டு மேசைக்கரண்டி மாவுக்கு 250 மில்லி நீர், அடி பிடிக்காமல் கிளறி எட்டு நிமிடம். வெல்லம் போடுவதாக இருந்தால் இறக்கி ஆறிய பிறகு பால் விடுங்கள், இல்லையென்றால் திரிந்துவிடும்.

சர்க்கரை நோயாளிகள் தாராளமாகக் குடிக்கலாம் என்று பலர் எழுதுகிறார்கள், அதை ஏற்க முடியாது. முளைகட்டி நைசாக அரைத்த மாவுக் கஞ்சி வேகமாகச் செரித்து ரத்தச் சர்க்கரையை ஏற்றும். அவர்களுக்கு இதே தானியங்களை முளைகட்டாமல் ரவைப் பதத்தில் உடைத்து, காய்கறி நிறையப் போட்டு உப்புமாவாகச் செய்து கொடுங்கள்.